மாதாவுக்குச் சரக்குக் கறி

என்னை ஒழுங்கான வேதக்காரியாக, கிறிஸ்தவளாக வைத்திருந்தவர், விடியற்காலையில் குளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற ஒரு பெண். என் கணவரின் தாய். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மாமியின் பெயரை மருமகள் வாயால் சொல்வது முறையில்லை என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். வாயால்தானே சொல்லக்கூடாது, எழுதலாமே என்று ஒருநாள் வாதாடிப் பார்த்தேன். "எழுதினதை ஆரும் வாசிக்கேக்கை வாயாலதானே வாசிப்பினம்" என்று முடித்துவிட்டார். மாமியோடு வாதாடி நான் வென்றதாக நினைவில்லை.

நயினாதீவில், அம்மன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் அவருடைய வீடு இருந்தது. கட்டையான, உருண்டு திரண்ட உடம்பு. நடையில் ஒரு அவசரமும் இருக்காது, ஆனால் எங்கே போனாலும் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார். இடுப்பில் எப்போதும் வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வை. தேநீரைப் பனங்கட்டி கடித்துத்தான் குடிப்பார். சீனிக்கும் மாவுக்கும் சங்கக்கடை வாசலில் ஊரே வரிசையில் நின்ற எழுபதுகளின் தொடக்கத்தில், "நான் அப்பவே சீனியை விட்டனான்" என்று, அரசாங்கத்துக்கே தான் முன்னோடி என்பது போலச் சொல்லித் திரிந்தார்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "முறை என்ன?"

கல்யாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் அதைத்தான் கேட்பார். அவருக்குத் தெரியாத விசயமாக இருந்தால் இன்னும் கவனமாகக் கேட்பார். கேட்டுத் தெரிந்துகொண்டால் அது சட்டம். மாத்தளையில் கடை வைத்திருந்த என் கணவர் ஒருமுறை ஊருக்கு வரும்போது சின்ன ரேடியோ ஒன்று கொண்டுவந்தார். மாமி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முறை என்ன தம்பி?" என்று கேட்டார். மகன் பகிடியாக, "விடியக் காத்தாலை தேவாரம் கேட்டாப் பிறகுதான் மற்றது கேக்க வேணும் அம்மா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தேவாரம் கேட்காமல் ஒருவரும் செய்தி கேட்கவில்லை. தேவாரம் போகிற நேரத்துக்கு எழும்பாதவருக்கு அன்று முழுக்க ரேடியோ இல்லை. கடைக்காரர் தன் வாயைத் தானே நொந்துகொண்டார்.

தீவில் இருக்கிற புத்த விகாரையைக் கும்பிட வருகிற சிங்களச் சனம் சில நேரம் தண்ணீர் கேட்டு எங்கள் கிணற்றடிக்கு வரும். ஒருநாள் உச்சி திரும்பிய பிறகு அப்படி ஒரு கூட்டம் வந்தது. கூடவே ஒரு பிக்குவும் வந்தார். மாமி பெரிய பானையில் சோறு போட்டுவிட்டு, என் கணவரை மொழிபெயர்க்க வைத்து, அவர்களுடைய முறையைக் கேட்டார். பிக்கு மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடமாட்டார் என்று தெரிந்ததும் பானையை மூடிவிட்டார். "அவர் பசியோட இருக்க நீங்கள் தின்னுறது முறையோ எண்டு கேள் தம்பி" என்றார். அந்தப் பாவப்பட்ட சனத்துக்கு இளநீர் மட்டும் கிடைத்தது. பிக்கு சிரித்து ஏதோ சொன்னார். "அம்மா எங்களைவிடப் பெரிய பௌத்தர்" என்றாராம்.

இப்படிப்பட்டவருடைய வீட்டுக்குத்தான் நான் முறையில்லாமல் மருமகளாக வந்தேன்.

எனக்கு ஊர் ஊர்காவற்றுறை. கத்தோலிக்கக் குடும்பம். நயினாதீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்த இடத்தில், திருவிழாவுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்த இவரைக் கண்டேன். இரண்டு பக்கமும் சம்மதமில்லை. யாழ்ப்பாணத்தில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டோம். அப்பா, "இனி இந்தப் படலை அவளுக்குத் திறக்காது" என்று ஆள் அனுப்பிச் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வள்ளத்தால் இறங்கி இவருடைய வீட்டு வாசலில் நின்றோம். மாமி வெளியே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். மகனைப் பார்க்கவேயில்லை.

"பிள்ளை, உங்கட ஆக்கள் மருமகளை உள்ளுக்கு எடுக்கிற முறை என்ன?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "வாசலிலை சிலுவை அடையாளம் போட்டு முத்தம் குடுப்பினம் மாமி" என்றேன்.

"முத்தம் எனக்குப் பழக்கமில்லை. மற்றதைப் போடும்" என்றார். நான் சிலுவை போட்டேன். அவர் ஆராத்தி எடுத்தார். மகனிடம் ஒரு மாதம் பேசவில்லை.

நான் பக்தியான ஆள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டில் அம்மா உலுப்பி எழுப்பினால்தான் பூசைக்குப் போவேன். இங்கே வேதக்கோயில் கிட்ட இல்லை, வள்ளமேறிக் குறிகட்டுவானுக்குப் போய்ப் பஸ் பிடிக்க வேண்டும், ஆகவே இனி நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட இருந்தது. மாமி அதைக் கெடுத்தார். இரவில் செபமாலை சொல்கிற வழக்கம் உண்டென்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் பாயை விரித்தால், "பிள்ளை, இண்டைக்கு உம்மட மணி உருட்டேல்லை" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். வெள்ளிக்கிழமையில் இறைச்சி சாப்பிடமாட்டோம், மீன் சாப்பிடலாம் என்று சொன்னேன். அதைக் கேட்டு அவருக்கு முகம் சுருங்கியது. "அதென்ன அரைவாசி விரதம்? ஆட்டுக்கு இரங்கினவர் மீனுக்கு இரங்கமாட்டாரோ?" என்று கேட்டு, வெள்ளிக்கிழமைக்கு இரண்டையும் நிறுத்திவிட்டார். என் அம்மாவால் முடியாததை அந்தச் சைவக்காரி செய்து காட்டினார்.

முதல் நத்தார், கிறிஸ்து பிறந்த பெருநாள், வந்தது. கணவர் மாத்தளையில். வருசக் கடைசி வியாபாரத்தை விட்டுவிட்டு அவர் வரமாட்டார், பொங்கலுக்குத்தான் வருவார். கடல் வாடைக் காற்றில் கொந்தளித்துக் கொண்டிருந்தது. வள்ளம் ஓடினாலும் போவதற்கு எனக்கு ஒரு வீடு இல்லை. பூசைக்குப் போனால் ஊரார் என்னைப் பார்ப்பார்கள், அப்பா முகத்தைத் திருப்புவார். ஆகவே நத்தாரை மறந்தவள் போல இருந்துவிடுவதென்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் அப்பா பனையோலையால் பாலன் குடில் கட்டுவார். அம்மா பூசையால் வந்து, நல்ல சேலையை மாற்றாமலே குசினிக்குள் போய், முதல்நாள் காய்ச்சிய ஆட்டிறைச்சிக் கறியைச் சூடாக்குவார். அந்த மணம் எழும்பினால்தான் எங்களுக்கு நத்தார். அதையெல்லாம் நினைக்கக்கூடாதென்று நினைத்து நினைத்தே இரண்டு நாள் போனது.

மாமி கலண்டரில் சிவப்பைக் கண்டுவிட்டார்.

"நாளைக்கு உம்மட பெருநாளெல்லோ? முறை என்ன?"

"ஒண்டுமில்லை மாமி."

"ஒண்டுமில்லாத பெருநாளோ?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

விடிய எழும்பி வந்து பார்க்கிறேன், வீடு முழுக்கச் சாணம் போட்டு மெழுகியிருக்கிறது. வாசலில் கோலமும் மாவிலையும். நான் பெட்டிக்குள் வைத்திருந்த யேசுநாதர் படம் சுவரில் தொங்குகிறது. அதற்குச் செவ்வரத்தம்பூ மாலை. நெற்றியில் சந்தனப் பொட்டு. யேசுநாதர் எங்கள் ஊர்ப் பையன் மாதிரி இருந்தார். மத்தியானம் தலைவாழை இலையில் சாம்பார், வாழைக்காய்க் கறி, பருப்பு, பாயசம். நத்தாருக்குச் சைவச் சாப்பாடு!

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமி, நாங்கள் நத்தாருக்கு ஆட்டிறைச்சி தின்னுறனாங்கள்."

மாமி அகப்பையோடு நின்றுவிட்டார். "பிறந்த நாளிலயோ? ஒரு தாய் பிள்ளை பெத்த நாளிலை இன்னொரு தாயின்ரை குட்டியை வெட்டுறதோ? இது ஆர் சொன்ன முறை?"

சின்ன வயதிலிருந்து ஞானோபதேசம் படித்த நான் இலைக்கு முன்னால் இருந்தேன். பாயசத்தைக் குடித்தேன். நல்ல பாயசம்தான். ஆனால் அன்றைக்கு என் நாக்கு முழுக்க அம்மாவின் இறைச்சிக் கறியைத் தேடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வருசம் எனக்குப் பிள்ளை தங்கியது. தலைப்பிள்ளைப்பேறு தாய் வீட்டில்தான், தாய்தான் வந்து கூட்டிப்போக வேண்டும். எங்கள் பக்கத்திலும் அதுதான் வழக்கம். மாமி அதை நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு மாதம் ஏற ஏற, வள்ளம் வருகிற நேரத்தில் படலைக்குப் போய் நிற்பார். என் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்து ஆயத்தமாகவே இருந்தார். "வருவா. பெத்த தாயெல்லோ. முறை தெரியாத ஆளோ?" என்பார். ஒருவரும் வரவில்லை.

கடைசியில் மாமியே என்னை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து என் அம்மாவின் வீடு கூப்பிடு தூரம். மார்கழி தொடங்கிய கையோடு மகள் பிறந்தாள். மாமி ஒரு கதிரையைக் கொண்டுவந்து என் கட்டிலின் தலைமாட்டில் போட்டார். அதில் அவரும் இருக்கவில்லை, வேறு யாரையும் இருக்கவிடவும் இல்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த பெண் அதில் இருக்கப் போனபோது, "அது தாய்க்கு வைச்சிருக்கிறன்" என்று எழுப்பிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கதிரையின் பக்கம் திரும்பாமல் படுத்திருந்தேன். துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற நாள் வந்ததும் மாமி அதைத் தூக்கிக் கொண்டுபோய் நேர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தார். "வெளிக்கிடும் பிள்ளை, எங்கட வீட்டை போவம்" என்றார்.

பிள்ளை பிறந்த வீட்டில் முப்பத்தோராம் நாள் வரைக்கும் துடக்கு, அதாவது தீட்டு. சாமியறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். கோயில் இல்லை, விளக்கில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி மட்டும் உண்டு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் அம்மியில் வைத்துப் பட்டுப்போல அரைத்து, பால்சுறா மீனைப் போட்டுக் காய்ச்சுவார். சாப்பிடும்போது காற்று நுழையாமல் என் காதையும் தலையையும் துணியால் மூடிக் கட்டுவார். பச்சை உடம்புக்குக் காற்றுப் பிடித்தால் ஆயுளுக்கும் போகாது என்பார்.

அந்த நிலையில்தான் இரண்டாவது நத்தார் வந்தது. முதல்நாள் மத்தியானம் அவர் அம்மியடியில் இருந்தார். எனக்கு அந்த வருசம் ஏனோ பூசை காணாமல் இருக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலில் போய் நின்றால், அம்மா அங்கே இருப்பார், பார்ப்பார், அவ்வளவு போதும் என்று ஒரு எண்ணம்.

"மாமி, நாளைக்கு நான் பூசைக்குப் போக வேணும்."

"துடக்கோடையோ?" அம்மிக்குழவி நின்றது. "எந்தச் சாமியும் ஏற்காது."

"எங்கட கோயிலே நாளைக்குத் துடக்கு வீடுதான் மாமி. அங்கைதானே பிள்ளை பிறக்கிறார்."

மாமி என்னைப் பார்த்தார். அவருக்கு இது புதிது. இவ்வளவு நாளும் படத்துக்குப் பொட்டு வைத்தவர், கதையைக் கேட்டதில்லை.

"ஆற்றை வீட்டிலை பிறந்தவர்?"

"வீடில்லை மாமி. மாட்டுத் தொழுவத்திலை. பேர் பதிய வேணுமெண்டு அரசாங்கம் சொல்லி, ஊரை விட்டு வெளிக்கிட்டுப் போன இடத்திலை. சத்திரத்திலை இடமில்லை எண்டிட்டினம்."

"நிறைமாசக்காரியையோ கூட்டிக்கொண்டு போனவன்?"

"ஓம். கழுதையிலை வைச்சு."

"அறிவு கெட்டவன்" என்றார். மாதாவின் கணவர் சூசையப்பரைப் பற்றி அப்படி ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. "சரி, அவளின்ரை தாய் எங்கை?"

"தாய் ஊரிலை."

"வரேல்லையோ?"

"வரேல்லை மாமி."

"மாமியார்?"

"அப்பிடி ஒராளைப் பற்றிச் சொல்லேல்லை."

"அப்ப ஆர் சுடுதண்ணி வைச்சது? ஆர் சரக்கு அரைச்சது?"

"வேதத்திலை அதொண்டும் எழுதேல்லை."

"ஆம்பிளையள் எழுதியிருப்பினம்" என்றார் மாமி. "ஒருத்தருமோ வரேல்லை?"

எனக்கு அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் போல இருந்தது. "கனதூரத்திலை இருந்து மூண்டு ராசாக்கள் வந்தவை மாமி. பொன்னும் சாம்பிராணியும் கொண்டு வந்தவை."

"பச்சை உடம்புக்காரிக்குப் பொன்னை அவிச்சுத் தின்னேலுமோ?"

அதற்குப் பிறகு பேசவில்லை. குழவியை எடுத்து அரைக்கத் தொடங்கினார். முன்னைவிட வேகமாக அரைத்தார். கறி காய்ச்சி, எனக்குப் போட்டுவிட்டு, இன்னொரு கிண்ணத்தில் சோறும் சரக்குக் கறியும் போட்டார். என் அறைக்குள் இருந்த, சாந்தில் செய்த சின்ன மாதா சுருவத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்து, வாழையிலையால் மூடினார்.

"மாமி, துடக்கு" என்று நான்தான் நினைவுபடுத்தினேன்.

"அவவும் துடக்கு, நாங்களும் துடக்கு. துடக்குக்குத் துடக்கில்லை" என்றார். பிறகு சுருவத்தைப் பார்த்து, என்னோடு பேசுகிற அதே குரலில், "தாய் வராட்டி என்ன, சாப்பிடாமல் இருக்கேலுமோ? பிள்ளைக்குப் பால் வர வேணுமெல்லோ" என்றார்.

நான் சுவரின் பக்கம் திரும்பி அழுதேன். தன் ஊரை விட்டுப் போன, தாய் வராத ஒரு பெண்ணிடம் அத்தனை வருசம் செபம் சொல்லியிருக்கிறேன். அவள் பசித்திருப்பாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பூசைக்கு நான் போகவில்லை. போக வேண்டுமென்றும் பிறகு தோன்றவில்லை.

அன்று தொடங்கியது, அந்த வீட்டில் முறையாகிவிட்டது. ஒவ்வொரு நத்தாருக்கும் வீடு முழுக்கச் சைவம், மாதாவுக்கு மட்டும் மீன். "பெத்தவளுக்கு விரதமில்லை" என்பது அதற்கு விளக்கம். ஒரு வருசம் வேதக்கோயில் சுவாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வள்ளத்தால் வந்து, சுருவத்தின் முன்னால் மூடியிருந்த கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். மாமி பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: "மாதான்ரை தாய் ஏன் சுவாமி வரேல்லை?" சுவாமியார் யோசித்தார். "அதைப் பற்றி ஒருத்தரும் எனக்குப் படிப்பிக்கேல்லை அம்மா" என்றார். மாமிக்கு அவரைப் பிடித்துவிட்டது. தெரியாததைத் தெரியாதென்று சொல்கிற ஆள் என்று புகழ்ந்தார்.

ஆனால் முறை என்பது இனிப்பு மட்டுமில்லை. மகள் தவழத் தொடங்கியபோது ஊர்ப் பெண் ஒருத்தி மூலம் எனக்குச் செய்தி வந்தது. அப்பா மன்னாருக்குப் போயிருக்கிறார், அம்மா பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுகிறார், ஒரு நடை கூட்டி வரட்டாம். நான் பறந்து போய்ச் சேலை மாற்றினேன். மாமி வாசலில் வந்து நின்றார்.

"போகக்கூடாது. தாய் வந்து பாக்கிறதுதான் முறை. மனுசன் இல்லாத நேரம் பாத்துக் களவாப் போய்ப் படலையிலை நிக்கிறதுக்கு, என்ரை பேத்தி களவெடுத்த பிள்ளையோ?"

"அது என்ரை அம்மா!" என்று கத்தினேன்.

"ஓம். அம்மாதான். அதாலைதான் சொல்லுறன்."

நான் போகவில்லை. போயிருக்கலாம், என்னை ஒருவரும் கட்டி வைக்கவில்லை. அவர் சொன்னதில் இருந்த மானம் எனக்கும் இருந்தது, அதுதான் உண்மை. ஆனாலும் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், அவரோடு பேசவில்லை. அதற்கும் மாமியிடம் ஒரு முறை இருந்தது. கோபித்திருப்பவருக்கு முதல் சோறு போடுவார். அந்தக் கிழமை முழுக்க எனக்கு முதல் சோறு கிடைத்தது, கோபம் மட்டும் ஆறவில்லை. அந்த நாள்களில் அவருடைய முறையைக் கடலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் போல இருந்தது.

மகளுக்குப் பால்பல் விழத் தொடங்கிய வருசம், கார்த்திகையில் அப்பா செத்துப்போனார். செய்தி யார் யாரோ சொல்லி எங்களிடம் வந்தது. வீட்டிலிருந்து ஒருவரும் சொல்லியனுப்பவில்லை. நான் விறாந்தையில் இருந்தபடி இருந்தேன். மாமி குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வெளிக்கிடும்."

"எங்களுக்குச் சொல்லேல்லையே மாமி."

"நல்லதுக்குத்தான் சொல்ல வேணும். சாவு காதிலை விழுந்தாக் காணும். போறதுதான் முறை."

படலையில் அவர்தான் முதலில் நுழைந்தார், நானும் மகளும் பின்னால். கூட்டம் விலகியது. அம்மா அப்பாவின் தலைமாட்டில் இருந்தார். மாமி நேரே போய் அவருக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார், என் மகளை இழுத்து நடுவில் இருத்தினார். "பேத்தி. அம்மப்பாவைப் பாக்க வந்தவள்" என்றார். அம்மா பிள்ளையைக் கட்டிக்கொண்டு கத்தி அழுதார். செத்த வீடென்றபடியால் அந்த அழுகையை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. திரும்பும்போது மாமி அம்மாவிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார்: "சம்பந்தி, நான் வந்திட்டன். இனி நீங்கள் வாறதுதான் முறை."

அந்த நத்தாருக்கு முதல்நாள் பின்னேர வள்ளத்தால் அம்மா வந்து இறங்கினார். வாடைக் கடல் அவரை நனைத்திருந்தது. கறுப்புச் சேலை முழங்கால் வரைக்கும் ஈரம். நான் கிணற்றடியிலேயே நின்றேன். மாமிதான் போய்ப் படலையைத் திறந்து, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, உடுப்பு மாற்ற வைத்து, தேநீரும் பனங்கட்டியும் கொடுத்தார். நான் என் அம்மாவுக்கு முன்னால் விருந்துக்காரி மாதிரி இருந்தேன்.

அம்மாவின் கண் என் அறைக்குள் போனது. சுருவத்தின் முன்னால் வெறும் கிண்ணம் கழுவி ஆயத்தமாக இருந்தது.

"அது என்னத்துக்கு?"

"மாதாவுக்குச் சரக்குக் கறி வைக்க" என்றார் மாமி. "தாய் வராத பிள்ளையெல்லோ. ஆராவது வைக்கத்தானே வேணும்."

எனக்கு மாமியின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். மாமி அதைக் கவனித்ததாகவே காட்டவில்லை. சரக்குச் சாமான்களைச் சுளகில் எடுத்து வந்து அம்மியடியில் வைத்தார். வழக்கமாக அவரே இருந்து அரைப்பார். அன்றைக்கு இருக்கவில்லை.

"இவ்வளவு நாளும் நான் அரைச்சன். தாய் இருக்கேக்கை மாமியார் அரைக்கிறது முறையில்லை. வாங்கோ சம்பந்தி."

அம்மா எழும்பிப் போனார். அம்மியில் மல்லியை வைத்தார். "மிளகு எவ்வளவு போடுறனியள்?" என்று கேட்டார்.

"உங்கட வீட்டு முறைக்குப் போடுங்கோ" என்றார் மாமி. அந்த வீட்டில் அப்படி ஒரு சலுகை அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை.

அம்மா மல்லியை அரைத்து வழித்தார். பிறகு அம்மா நிமிராமலே சொன்னார்: "ஆஸ்பத்திரிப் படலை மட்டும் வந்தனான். இவள் பெத்த அடுத்த நாள். உள்ளுக்கு வரக் கால் வரேல்லை."

"தெரியும்" என்றார் மாமி. "வேப்பமரத்துக்குக் கீழை நிண்டனீங்கள். நான் கண்டனான்."

நான் எழும்பி அம்மியடிக்கு வந்தேன். "கண்டனீங்களோ? ஏன் மாமி கூப்பிடேல்லை?"

"பெத்த தாயை அழைச்சு வரப்பண்ணக்கூடாது, தானா வர வேணும், அதுதான் முறை எண்டு நினைச்சனான். கதிரை போட்டு வைச்சுப் பாத்துக்கொண்டு இருந்தனான்." திறப்புக் கோர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "கூப்பிட்டிருக்கலாம்" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அந்தக் கிண்ணம் ஏன் ஒரு வருசமும் தவறவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோபப்பட வேண்டுமென்று தெரிந்தது, ஆனால் கோபம் வரவில்லை. அம்மா கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அரைக்கத் தொடங்கினார். மாமி போய் அடுப்பை மூட்டினார்.

மாதாவுக்கு வைத்த பிறகு, அம்மா இன்னொரு கோப்பையில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "சாப்பிடு மோனை" என்றார். நான் பிள்ளை பெற்று எத்தனையோ வருசம். அந்தப் பிள்ளை முன்பல் இல்லாமல் வாசலில் நின்று எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கறியில் மாமி போடுவதைவிட மிளகு கூட இருந்தது, உள்ளி குறைவாக இருந்தது. அது என் அம்மாவின் கை. நான் பிறந்தபோது அவருடைய தாய் அவருக்குக் காய்ச்சியதும் இப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல இப்போதும் வார்த்தை இல்லை.

முதல் வாய் எடுத்து வைக்கப் போனபோது மாமியின் குரல் கேட்டது.

"பிள்ளை, சரக்குச் சாப்பிடேக்கை காதை மூட வேணும். வாடைக் காத்து."

அவர் பகிடி விடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. நான் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையையும் காதையும் மூடிக்கொண்டு, என் அம்மா காய்ச்சிய சரக்குக் கறியைச் சாப்பிட்டேன்.